மாஃபியாவுக்குப் போட்ட சட்டம், மாட்டியது டீச்சர்கள்!

வணக்கம் மக்களே! 2015 ஏப்ரல், அமெரிக்காவின் அட்லாண்டா நகரம். கோர்ட்டில் 11 பேர் குற்றவாளிகள் என்று ஜூரி சொல்கிறது. அவர்கள் மேல் பாய்ந்தது ரிக்கோ சட்டம். மாஃபியா மாதிரிக் கும்பல்களை மடக்க வந்த வகைச் சட்டம் அது. ஆனால் மாட்டியவர்கள் அரசுப் பள்ளி ஆசிரியர்களும் நிர்வாகிகளும். ஆயுதம்? அழிரப்பர்!

முன்கதையை வேகமாக முடித்துவிடுகிறேன். 2002-ல் அதிபர் புஷ் 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்' (எந்தப் பிள்ளையும் பின்தங்கக் கூடாது) சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 3 முதல் 8-ம் வகுப்பு வரை வருஷா வருஷம் பொதுத்தேர்வு, மதிப்பெண் ஏறாத பள்ளிமேல் நடவடிக்கை. அவ்வளவுதான்.

இப்போது ரப்பருக்கு வருவோம், எனக்குப் பிடித்த இடமே இதுதான். விடைத்தாளில் வட்டத்தை நிரப்பிவிட்டு அழித்தாலும் லேசான கறை நிற்கும். ஸ்கேனர் அதைப் பிடித்துவிடும். அழிப்பது சகஜம்தான்; சரியான விடையை அழித்துத் தப்பாக மாற்றுகிறவர்களும் உண்டு (நம்மில் பாதிப் பேர் அந்தக் கட்சிதானே!). ஆனால் அட்லாண்டாவின் சில வகுப்புகளில் தப்பு அழிந்து சரியாக மாறிய கறைகள் மட்டும் அளவுக்கு மீறி இருந்தன. தோண்டினார்கள். 2011-ல் வந்த விசாரணை அறிக்கையில் மோசடி நடந்ததாக 44 பள்ளிகள், சிக்கியதாக 178 ஆசிரியர்கள், நிர்வாகிகள். ஒரு பள்ளியின் டீச்சர்கள் வார இறுதியில் ஒருவர் வீட்டில் கூடி உட்கார்ந்து விடைகளை மாற்றியிருக்கிறார்கள். இன்னொரு பள்ளியில் கேள்வித்தாளைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை பிளேடால் கீறி, வேலை முடிந்ததும் லைட்டரால் சூடுகாட்டி ஒட்டியிருக்கிறார்கள். இந்த மூளையைப் பாடம் நடத்துவதில் காட்டியிருக்கலாமே சார்!

சிரிப்பு போதும். தனிப் பயிற்சி தேவைப்பட்ட பிள்ளைகள் தாளில் 'தேறிவிட்டதால்', அது கிடைக்காமல் போனது. செய்தவர்களை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் போனஸையும் வேலையையும் ஒரே ஒரு எண்ணில் கட்டித் தொங்கவிட்டால், கவனம் பிள்ளையிடம் இருக்குமா, அந்த எண்ணிடம் இருக்குமா?

'அப்போ தேர்வே வேண்டாமா?' வேண்டும். கறுப்பின மாணவர்கள், ஏழை மாணவர்கள் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்பதை இந்தத் தேர்வுகள்தான் பள்ளிவாரியாக வெளியே கொண்டுவந்தன. நோயைக் காட்டட்டும், டாக்டருக்குச் சம்பளம் போட தெர்மாமீட்டரை நம்பாதீர்கள், அதுதான் என் கட்சி.

சரி, டீச்சரின் மதிப்பு எங்கே தெரிகிறது? கிராபோ ஜாக்சன் என்ற பொருளாதார அறிஞர் வட கரோலினாவின் 9-ம் வகுப்பு ஆசிரியர்களை ஆராய்ந்து 2018-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சில டீச்சர்களிடம் படித்தால் மதிப்பெண் ஏறுகிறது. வேறு சிலரிடம் படித்தால் பிள்ளை ஒழுங்காக வகுப்புக்கு வருகிறது, சஸ்பெண்ட் ஆவதில்லை. இரண்டும் ஒரே டீச்சராக இருக்க வேண்டியதில்லை. பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்குமா என்பதை அதிகமாகச் சொன்னது இந்த இரண்டாவது விஷயம். அதற்கு எந்தத் தேர்விலும் வட்டம் கிடையாது!

கடைசியாக ஒன்று. நியூயார்க் மாநிலத்தில் ஒரு 4-ம் வகுப்பு டீச்சர். மாணவர்களின் மதிப்பெண்ணை வைத்து டீச்சரை எடைபோடும் கணினிச் சூத்திரம் ஒரு வருஷம் அவருக்கு 20-க்கு 14 போட்டது. அடுத்த வருஷம் மாணவர்கள் கிட்டத்தட்ட அதே அளவு மதிப்பெண்தான் எடுத்தார்கள். டீச்சருக்கு 20-க்கு 1! அவர் வழக்குப் போட்டார். 2016-ல் நீதிபதி, அந்த மதிப்பீடு தாறுமாறானது என்று அதை ரத்து செய்தார். அந்த டீச்சர் உங்கள் பிள்ளைக்குக் கிடைத்திருந்தால் எந்த எண்ணை நம்பியிருப்பீர்கள், 14-ஐயா 1-ஐயா? கமெண்டில் சண்டை போடுங்கள், நான் வருகிறேன்.