ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மருத்துவர் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கால்நடை மருத்துவ அறிஞர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்ட நண்பரே, மாணவச் செல்வங்களே, வணக்கம். ஹார்மோன் எங்கே சுரக்கிறது, என்ன செய்கிறது, தவளைக்கும் பூச்சிக்கும் எப்படி உருமாற்றம் தருகிறது என்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி. உடம்புக்குள் ஓடும் ஆறு இரத்தம். நாளமில்லாச் சுரப்பிகளுக்குக் குழாய் கிடையாது; சுரக்கும் ஹார்மோனை நேரே அந்த ஆற்றில்தான் போடுகின்றன, அதுவும் அளந்து. கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினைப் போட்டுச் சர்க்கரையை இறக்கும். ஆல்ஃபா செல்கள் குளுக்ககானைப் போட்டு ஏற்றும். தைராய்டு உடலின் எரிப்பு வேகத்தைப் பார்த்துக்கொள்ளும். அதற்கு அயோடின் வேண்டும்.

இரத்தம் வழியாகத்தான் செய்தி போகிறது என்று எப்படித் தெரிந்தது? சேவல் சொன்னது! 1848-49, ஜெர்மனியின் கோட்டிங்கன். பெர்த்தோல்ட் என்ற பேராசிரியர் ஆறு இளஞ்சேவல்களை எடுத்துக்கொண்டார். இரண்டுக்கு விந்தகங்களை நீக்கினார். கொண்டை சுருங்கியது. கூவ வரவில்லை. பெட்டையைத் திரும்பிப் பார்க்கவில்லை. சண்டைக்கு இழுத்தால்கூடச் சோம்பல்! (சிரிக்காதீர்கள், விஷயம் இனிமேல்தான்.) வேறு இரண்டுக்கும் நீக்கினார், ஆனால் ஒன்றின் விந்தகத்தை மற்றதன் வயிற்றுக்குள், குடல்களுக்கு நடுவே வைத்தார். இடம் மாறிவிட்டது, பழைய நரம்பு அறுந்துவிட்டது. இருந்தும் கொண்டை சிவந்தது, கூவின, மோதின. திறந்து பார்த்தால் புது இரத்தக் குழாய்கள் வளர்ந்து அதைப் பிடித்திருந்தன. 'ஹார்மோன்' என்ற பெயரை ஆங்கிலேய உடலியல் அறிஞர் ஸ்டார்லிங் சூட்டியது 1905-இல்தான்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். தவளை இன்னொரு மேடைக்குக் காத்திருக்கட்டும். இதைச் சொல்லாமல் இறங்கமாட்டேன். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள்!

காரணம் கேளுங்கள். மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸ், அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் சொல்லும். பிட்யூட்டரி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அனுப்பும். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியின் வெளிப்பகுதி, அதாவது புறணி, கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனைச் சுரக்கும். ஆற்றில் போதுமான அளவு இருந்தால் மேலிருந்து வரும் உத்தரவு குறையும். ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 5 மில்லிகிராம் ஏறத்தாழ 20 மில்லிகிராம் கார்ட்டிசாலுக்கு ஈடு. அமைதியான நாளில் பெரியவர் உடல் சுரப்பது அதற்கும் குறைவு. மூன்று நான்கு வாரம் தொடர்ந்து விழுங்கினால் உத்தரவு அடங்கி, வேலையற்ற அட்ரீனல் சுருங்கத் தொடங்கும். வீக்கம் வடிந்ததென்று நீங்களாக ஒருநாள் நிறுத்தினால், ஆற்றில் போட ஆளில்லை: சோர்வு, வாந்தி, இரத்த அழுத்தச் சரிவு, மயக்கம். உயிரே போகலாம். சுரப்பி விழித்தெழ மாதக்கணக்கும் ஆகும். அதனால்தான் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். இங்கும் அளந்துதான் போடவேண்டும், அளந்துதான் எடுக்கவும் வேண்டும். இடையில் கடும் காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தால் "நான் ஸ்டீராய்டு எடுக்கிறேன்" என்று முதலில் சொல்லுங்கள், அளவைக் கூட்டவேண்டியிருக்கும். தோல் அரிப்புக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு தின்னும் நாய்க்கும் இதே கணக்குதான். முன்வரிசையில் இருப்பவர்கள் தலையாட்டுகிறார்கள். நன்றி, வணக்கம்.