பாடத் தெரியாதவரா பட்ரீஷியா ரவுட்லெட்ஜ்?

வணக்கம் மக்களே. இன்றைக்கு வேறு வீடியோ போடுவதாக இருந்தேன், அது தள்ளிப்போகிறது. காலையில் ஒரு ஷார்ட்ஸ் பார்த்தேன், அதிலிருந்து மனசு ஆறவில்லை. ‘கீப்பிங் அப் அப்பியரன்சஸ்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரில் பட்ரீஷியா ரவுட்லெட்ஜ் நடித்த ஹயசிந்த், பக்கத்து வீட்டு எம்மெட்டைக் கண்டதும் உச்ச ஸ்தாயியில் பாட்டை எடுத்துவிடுகிற அந்தக் காட்சி. மேலே தலைப்பு, ‘பாடவே தெரியாத பாட்டி’. கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். பழைய பிரிட்டிஷ் தொடர்கள் விஷயத்தில் நான் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். இதைச் சும்மா விட முடியாது.

பாடவே தெரியாதாம்! அந்த அம்மா 1968-ல் நியூயார்க் பிராட்வேயில் சிறந்த இசைநாடக நடிகைக்கான டோனி விருது வாங்கியவர். நாடகம் ‘டார்லிங் ஆஃப் த டே’. நாடகமே ஒரு மாதத்தில் படுத்துவிட்டது, ஆனால் விருது இவருக்கு வந்தது. லெஸ்லி உகம்ஸ் என்ற இன்னொரு நடிகையும் இவரும் பகிர்ந்துகொண்டார்கள். ஓடாத நாடகத்துக்கு விருது கொடுக்கிறார்கள் என்றால் அந்தக் குரல் எப்படி இருந்திருக்க வேண்டும்?

ஹயசிந்த் பாடுவதை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். சுதியை மொத்தமாக விடமாட்டார். ஸ்வரத்துக்குப் பக்கத்தில் வந்து ஒரு வழுக்கு வழுக்குவார், குரலைத் தேவைக்கு மேல் நடுங்கவிடுவார். எங்கே தப்பவேண்டும், எவ்வளவு தப்பவேண்டும் என்று தெரிந்து தப்புகிறார். நிஜமாகவே பாடத் தெரியாதவரால் அப்படிப் பாட முடியாது.

ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், புதிதாக வந்தவர்களுக்காக: பட்ரீஷியா ரவுட்லெட்ஜ், 1929-ல் இங்கிலாந்தின் பிர்கன்ஹெட்டில் பிறந்தவர். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தார், 1952-ல் லிவர்பூல் ப்ளேஹவுஸில் மேடையேறினார். 2025 அக்டோபரில் காலமானார், வயது 96. ஹயசிந்த் வேடம் வந்தது 1990-ல், அதாவது அறுபதைத் தாண்டிய பிறகு. அதற்கு முன்னால் கிட்டத்தட்ட நாற்பது வருஷ உழைப்பு இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

சரி, நான் ஒரு டிவிடி வாங்கிய கதைக்கு வருகிறேன். ஆலன் பென்னெட் எழுதி, இவரும் நடித்த ‘டாக்கிங் ஹெட்ஸ்’ டிவி நாடகங்கள் வேண்டும் என்று எவ்வளவு நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தேன்! கடைசியில் வெளிநாட்டில் ஒருவரிடம் பழைய பிரதி கிடைத்தது. டிவிடி 700 ரூபாய். தபால் செலவு 1,900 ரூபாய்! உறை ஒரு ஓரம் நொறுங்கி வந்தது, பரவாயில்லை. லேப்டாப்பில் போட்டால் ஓடவில்லை. ஏன்? டிவிடிகளை உலகப் பகுதிவாரியாக ‘ரீஜன்’ என்று பிரித்து எண் போட்டிருக்கிறார்கள், எண் ஒத்துப்போகாவிட்டால் ஓடாது. பிரிட்டன் டிவிடி ரீஜன் 2, இந்தியா ரீஜன் 5. டிரைவில் ரீஜனை மாற்றலாம், ஆனால் மொத்தமே ஐந்து முறைதான், ஐந்தாவதோடு பூட்டிக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய பொருளை என் வீட்டில் பார்க்க எனக்கு ஐந்து வாய்ப்பு! இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர்கள் மேல் எனக்கு ஒரு மரியாதையும் கிடையாது. விற்றவரும் ரீஜன் பற்றி ஒரு வார்த்தை போடவில்லை. கடைசியில் மாற்றினேன், ஓடியது. அந்த முதல் படம் திரையில் வந்தபோது கைதட்டிவிட்டேன்.

அதில் ‘எ லேடி ஆஃப் லெட்டர்ஸ்’, 1988. கேமராவைப் பார்த்து ஒருவர் தனியாகப் பேசுவதுதான் முழு நாடகமும். நானும் இங்கே கேமராவைப் பார்த்துத்தான் பேசுகிறேன், அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இவர் நடிக்கும் ஐரீன் ரடாக் எதற்கெடுத்தாலும் புகார்க் கடிதம் எழுதுகிற பெண். எதிர்வீட்டுத் தம்பதி குழந்தையைச் சரியாகக் கவனிப்பதில்லை என்று ஜன்னல் வழியாகவே முடிவு கட்டி, அதையும் எழுதுகிறாள். பிறகு போலீஸ்காரர் வந்து சொல்கிறார்: குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய், ஆஸ்பத்திரியில் இருந்தது, இறந்துவிட்டது. பார்க்கிற நமக்கு வயிறு கலங்குகிறது. ரவுட்லெட்ஜ் அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நம்புகிற அந்த முகத்தில் லேசாக ஒரு விரிசல், அவ்வளவுதான். அப்புறம் அந்தக் கடிதங்களால் ஐரீன் சிறைக்குப் போகிறாள், வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தோஷமாக இருக்கிறாள். ஹயசிந்தும் ஜன்னல் வழியாகத் தெருவை எடைபோடுகிறவள்தான். ஒருத்தியைப் பார்த்துச் சிரிக்கிறோம், இன்னொருத்தியைப் பார்த்து நடுங்குகிறோம்.

இவர் நடித்த ‘ஹெட்டி வெய்ன்த்ராப்’ துப்பறியும் தொடர் எனக்கு ஒட்டவில்லை. ரொம்ப மெதுவாகப் போகிறது, அவருக்குத் தீனி போதவில்லை. அதை ரசிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும்.

ஆங், முக்கியமானதை விட்டுவிட்டேன்! 1976, ‘1600 பென்சில்வேனியா அவென்யூ’ என்ற பிராட்வே இசைநாடகம், இசை லியனார்ட் பெர்ன்ஸ்டைன். ஏழே தடவை மேடையேற்றியதோடு மூடிவிட்டார்கள். அதில் ஒரு பாட்டில் பதவியிலிருந்து வெளியேறுகிற அமெரிக்க ஜனாதிபதி கிராண்டின் மனைவியும் இவரே, புதிதாக வருகிற ஹேஸின் மனைவியும் இவரே. ஒரே பாட்டுக்குள் ஆள் மாறி, குரல் மாறி, திரும்ப மாறிப் பாடுகிறார். அதிகாரப்பூர்வமான இசைத்தட்டுகூட வரவில்லை, எனக்கு அது பெரிய வயிற்றெரிச்சல். அதே பெர்ன்ஸ்டைனின் ‘கேண்டீட்’ இசைநாடகம் லண்டன் ஓல்ட் விக் அரங்கில் வந்தபோது கிழவி வேடத்தில் பாடி, லண்டன் நாடகங்களுக்கான ஒலிவியே விருதையும் 1988-ல் வாங்கினார். 1992-ல் நேஷனல் தியேட்டரின் ‘கேரசல்’ இசைநாடகத்தில் நெட்டி ஃபௌலர் வேடம். ஹயசிந்தாக டிவியில் அபஸ்வரம் பாடிக்கொண்டிருந்த அதே வருஷங்களில்தான் இதுவும்!

அதனால் அந்த ஷார்ட்ஸை எனக்கு அனுப்பாதீர்கள். முதலில் ‘எ லேடி ஆஃப் லெட்டர்ஸ்’ பாருங்கள், அரை மணி நேரம்தான், சாப்பிட்டுக்கொண்டே பார்க்க வேண்டாம். அப்புறம் ஹயசிந்த். அந்தத் தலைப்பு வைத்தவருக்கு நான் பதில் போட்டாயிற்று, டோனி விருது வருஷத்தோடு.