பழைய சேப்பலில் புதிய கச்சேரி: கல்லும் கெடாமல், ஒலியும் கெடாமல்

[காட்சி: கொட்டும் மழை. கல் சுவரில் பதித்த மழைநீர்க் குழாய். அதன் மூட்டிலிருந்து தண்ணீர் வழிந்து சுவரில் பச்சைப் பாசி.]

ஒரு பழைய சேப்பலை, அதாவது சிறு தேவாலயத்தை, கலைக்கூடமாக மாற்றலாம் என்று ஒரு குழு கூடினால், பெரும்பாலும் முதலில் ஸ்பீக்கருக்குத்தான் விலை விசாரிப்பார்கள். விசாரிக்க வேண்டியது ஏணிக்கு. நல்ல மழை பெய்யும்போதே குடையோடு போய்க் கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். கூரைக் கால்வாய் எங்கே நிரம்பி வழிகிறது, எந்தக் குழாய் அடைத்திருக்கிறது, தரையில் விழுந்த தண்ணீர் வெளியே ஓடுகிறதா, சுவரை நோக்கித் திரும்புகிறதா என்பதெல்லாம் வெயில் நாளில் தெரியாது.

கல் கட்டடத்தை அழிப்பது வயது அல்ல, தண்ணீர். கூரையின் பெரிய மரச்சட்டங்களைப் பாருங்கள். நடுவில் அவை கம்பீரமாக இருக்கும். கெடுவது சுவருக்குள் சொருகியிருக்கும் முனை. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடித்து உளுக்கத் தொடங்கும். ஈரமானியோடு ஒரு திருப்புளியையும் எடுத்துப் போய் அந்த முனைகளில் அழுத்திப் பாருங்கள். கையழுத்தத்திலேயே உள்ளே இறங்கினால் அந்த முனை சுமை தாங்கவில்லை. வேறு எந்த வேலைக்கும் முன்னால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

[காட்சி: கல் சுவரின் நெருக்கக் காட்சி. கற்களின் முகம் பொரிந்து உதிர்ந்திருக்கிறது. நடுவில் சிமென்ட் பட்டை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது.]

இந்தப் படத்தை நிறுத்திப் பாருங்கள். கல் தேய்ந்து உள்ளே போயிருக்கிறது, சிமென்ட் அப்படியே நிற்கிறது. சிமென்ட் உறுதியானது என்று தோன்றும். உண்மையில் குற்றவாளியே அதுதான். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் குடிக்கும் ஈரத்தை மூட்டுகள் வழியாக வெளியே விடும். அந்த மூட்டைச் சிமென்டால் அடைத்துவிட்டால் ஈரத்துக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி கல்லின் முகம். ஈரத்தோடு வரும் உப்பு, கல்லின் தோலுக்கு அடியில் படிகமாகிப் பொரிக்கிறது. அதனால் சிமென்டைக் கையுளியால் பொறுமையாக எடுக்க வேண்டும். மெஷின் வைத்து அறுத்தால் கல்லின் விளிம்பும் சேர்ந்து போகும். மூட்டின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம், குறைந்தது 25 மில்லிமீட்டர் சுரண்டி, தண்ணீர் தெளித்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு சொரசொரப்பான மணல் சேர்த்த சாந்தால் நிரப்புங்கள். பூசிய பிறகு ஈரக் கோணிச்சாக்கு தொங்கவிட்டுச் சில நாள் காக்க வேண்டும். சட்டென்று காய்ந்தால் சாந்து பொடியாக உதிரும். வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே இருந்தால் இந்த வேலையைத் தொடவே கூடாது.

சுவரில் கீழிருந்து ஈரம் ஏறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நூறு, இருநூறு வருடத்தில் வெளியே மண் மெல்ல மெல்ல உயர்ந்து, உள்தரையை விட மேலே போயிருக்கும். அதை உள்தரைக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் கீழே இறக்கிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் பழைய அஸ்திவாரங்கள் பல நேரம் ஆழமே இல்லாதவை. அவற்றுக்குக் கீழே தோண்டிவிடக் கூடாது. சேப்பலைச் சுற்றியும் சில சமயம் தரைக்கு அடியிலும் கல்லறைகள் இருக்கும். கழிவறைக் குழாய்க்குப் பள்ளம் தோண்டும்போது எலும்பு தட்டுப்பட்டால் வேலை மாதக்கணக்கில் நிற்கும். தோண்டும் முன்பே தொல்லியலாளரின் கருத்தைக் கேளுங்கள்.

தண்ணீரை நிறுத்திய மறுநாளே சுவர் காய்ந்துவிடாது. கனத்தில் 25 மில்லிமீட்டர் காய ஒரு மாதம் என்பது கட்டடக்காரர்களின் தோராயக் கணக்கு. 60 சென்டிமீட்டர் சுவர் இருபக்கமும் காய்ந்தால்கூட ஏறக்குறைய ஒரு வருடம். திறப்பு விழாத் தேதியை முதலில் குறித்துவிட்டு, அதற்குள் மரப்பலகையும் பிளாஸ்டிக் பெயின்டும் ஏற்றுவதுதான் இந்தத் திட்டங்களில் அடிக்கடி நடக்கும் கூத்து. அடுத்த மழையில் பெயின்ட் கொப்புளிக்கும்.

[காட்சி: வெறும் கூடம். ஒருவர் நடுவில் நின்று பலூனை உடைக்கிறார். ஓசை நீண்டு அடங்குகிறது. திரையில் விநாடிகள் ஓடுகின்றன.]

இப்போது ஒலி. இந்த முழக்கத்தைத்தான் ரிவர்ப் என்கிறோம். ஓசை நின்ற பிறகு அது 60 டெசிபல் குறைய எத்தனை விநாடி ஆகிறது என்பதுதான் அளவு. இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம், பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யச் சொல்லி அவரிடம் ஒப்படைத்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, எத்தனை மெத்தைக்கு எத்தனை விநாடி குறைகிறது என்று அளந்தார். அதிலிருந்து வந்த சூத்திரம் இன்றும் போதும்: கூடத்தின் கன மீட்டரை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சுபரப்பால் (பரப்பை அது ஒலியை உறிஞ்சும் விகிதத்தால் பெருக்கினால் வருவது) வகுக்க வேண்டும்.

20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரமுள்ள ஒரு சேப்பலை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 1600 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து 880 சதுர மீட்டர். கல்லும் காரையும் கண்ணாடியும் மேலே படும் ஒலியில் சராசரியாக 5 சதவீதம்தான் உறிஞ்சும் என்று வையுங்கள். உறிஞ்சுபரப்பு 44 சதுர மீட்டர். முழக்கம் ஏறக்குறைய 5.9 விநாடி. இதில் மிருதங்கம் வாசித்தால் சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கஞ்சியாகிவிடும்.

இதே கூடத்தில் 120 பேர் உட்கார்ந்தால்? ஓர் ஆள் சுமார் 0.45 சதுர மீட்டர் உறிஞ்சுவார். 54 கூடி 98 ஆகிறது. முழக்கம் 2.6 விநாடிக்கு இறங்குகிறது. சேர்ந்திசைக்கு இது சொர்க்கம். சுவரில் 80 சதுர மீட்டர் கனத்த வெல்வெட் திரையை மடிப்பு மடிப்பாக, சுவரிலிருந்து 10, 15 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கவிட்டால் இன்னும் 44 கூடும். 1.8 விநாடி. நால்வர், ஐவர் வாசிக்கும் இசைக்கு 1.3 முதல் 1.7 வரை நல்லது என்பார்கள். கிட்டத்தட்ட வந்துவிட்டோம்.

டிரம்ஸ், பாஸ் கிட்டார், மைக் வைத்த நிகழ்ச்சி என்றால் கதை வேறு. அதற்கு ஒரு விநாடியை ஒட்டி வேண்டும். 1.2க்கு இறக்கவே 215 சதுர மீட்டர் உறிஞ்சுபரப்பு தேவை. கையில் இருப்பதோ 142. மீதி 73க்கு, 10 சென்டிமீட்டர் கனமுள்ள கனிமக் கம்பளிப் (ராக் வூல்) பலகைகள் எண்பது சதுர மீட்டராவது மாட்ட வேண்டும். அதற்குள் திரையும் பலகையுமாகச் சுவரில் மூன்றில் ஒரு பங்கு மறைந்துவிடும். இன்னொரு சிக்கல், திரை உறிஞ்சுவதெல்லாம் நடு, உச்ச ஒலிகளைத்தான். 125 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள பாஸ் அதைச் சட்டையே செய்யாது. திரை போட்ட பிறகு பாட்டின் தெளிவு போய் வெறும் உறுமல் மட்டும் மிஞ்சுவது இதனால்தான். பாஸுக்குக் கனமான பலகையும் பின்னால் காற்று இடைவெளியும் வேண்டும்.

[காட்சி: உள்சுவரின் நீள்தோற்றம். திரைகள் திறந்தும் மூடியும் இரண்டு நிலைகள். மூலையில் முழக்க விநாடி மாறுகிறது.]

எங்கள் கருத்து: அந்த 1.2 விநாடியைத் துரத்தாதீர்கள். ஆம்ஸ்டர்டாமில் 1968இல் தேவாலயக் கட்டடமொன்றில் தொடங்கிய பாரடைசோ போன்ற இடங்களில் ராக் இசை நடக்கிறது, உண்மைதான். லண்டனின் செயின்ட் ஜான்ஸ் ஸ்மித் சதுக்கத் தேவாலயமோ 1941இல் குண்டு விழுந்து எரிந்து, 1969இல் கச்சேரி அரங்காகத் திரும்பி வந்தது. அங்கே பெயர் வாங்கியது பெரும்பாலும் மைக் இல்லாத இசைதான். சிறிய குழுவுக்கும் சிறிய பணப்பைக்கும் இரண்டாவது வழி ஏற்றது. கூடத்துக்கு ஒத்துவரும் நிகழ்ச்சிகளைப் பெரும்பங்கு வையுங்கள். திரையைத் தண்டவாளத்தில் ஓடவிட்டு, சேர்ந்திசைக்குத் திறந்தும் பேச்சுக்கு மூடியும் பயன்படுத்துங்கள். எப்போதாவது மைக் நிகழ்ச்சி வந்தால், ஒலியைச் சுவரிலும் கூரையிலும் சிந்தாமல் ஆட்கள் மேல் மட்டும் பாய்ச்சும் ஒல்லியான தூண் ஸ்பீக்கர்களைப் பயன்படுத்துங்கள். பெரிய ஸ்பீக்கர் வைத்துச் சத்தத்தைக் கூட்டினால் முழக்கமும் சேர்ந்தே கூடும். தெளிவு ஒரு துளிகூட ஏறாது.

அந்த 80 சதுர மீட்டர் திரைக்கு, மடிப்புக்கும் சேர்த்து 160 சதுர மீட்டர் துணி தேவை. சதுர மீட்டருக்கு அரைக் கிலோ என்றால் 80 கிலோ. தீப்பற்றாத பக்குவம் செய்த துணியா என்று சான்றிதழ் கேளுங்கள். தண்டவாளத்தின் பிடிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், துளை கல்லில் விழாமல் மூட்டுச் சாந்தில் விழட்டும். நாளைக்குக் கழற்றினால் ஒரு கரண்டி சுண்ணாம்பில் தடயம் மறையும்.

நீண்ட மர பெஞ்சுகளை எடுத்துவிடலாமா என்பது எல்லாக் குழுவிலும் சண்டைக்குரிய கேள்வி. எடுத்தால்தான் நடனமும் ஓவியப் பட்டறையும் நடக்கும். எடுத்த இடத்தில் மெத்தை வைத்த நாற்காலி போட்டால், ஆள் இல்லாத ஒத்திகையிலும் அது ஓரளவு உறிஞ்சும். பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் ஒத்திகையில் ஒரு கூடம், கச்சேரியில் வேறொரு கூடம். பழைய பெஞ்சுகளில் சிலவற்றையாவது அதே இடத்தில் விட்டுவையுங்கள். நடனத்துக்காக எடுக்கும் நாற்காலிகளை எங்கே அடுக்குவது என்று வரைபடத்திலேயே குறியுங்கள். சேமிப்பறை இல்லாத கலைக்கூடத்தில் ஆறே மாதத்தில் பலிபீட மேடைதான் குடோன்.

பலிபீடம் என்றதும் ஒன்று. கத்தோலிக்கத் தேவாலயம் என்றால், 1983 திருச்சபைச் சட்டத்தின் 1222ஆம் பிரிவுப்படி, வழிபாட்டிலிருந்து அதை விடுவிக்கும் முடிவு ஆயருடையது. அதுவும் இழிவற்ற பயன்பாட்டுக்கு மட்டும். கட்டடம் விடுவிக்கப்பட்டாலும் பலிபீடம் தன் புனிதத்தை இழப்பதில்லை என்கிறது 1238ஆம் பிரிவு. ஆகவே அதை என்ன செய்வது என்று முதல் மாதத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். மற்ற சபைகளுக்கு அவரவர் விதி. நினைவுக் கல்வெட்டுகள் யாருடைய குடும்பத்துடையவை என்றும் விசாரித்துவிடுங்கள்.

[காட்சி: மாடம். கீழிருந்து அதன் உத்திரங்கள்.]

பாடகர் மாடம் அழகாக இருக்கும், உடனே அதில் நாற்காலி போடத் தோன்றும். மக்கள் கூடும் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 500 கிலோ என்று பொறியாளர்கள் வடிவமைப்பார்கள். அந்தக் காலத் தச்சர் அப்படிக் கணக்குப் போட்டிருக்க மாட்டார். அதிலும் கூட்டம் தாளத்துக்கு ஒன்றாகக் குதித்தால், வெறும் எடையைவிட ஆபத்து அந்த அதிர்வு. கூரைச் சட்டங்களில் விளக்குகளைத் தொங்கவிடுவதும் அப்படித்தான். தரையில் கால் ஊன்றி நிற்கும் அலுமினியச் சட்டகம் போட்டுக்கொள்ளுங்கள். எல்இடி வந்த பிறகு விளக்குகளின் மின்சாரக் கவலையாவது குறைந்தது: ஒரு கிலோவாட் பழைய விளக்கு 24 என்றால் 24 கிலோவாட், 150 வாட் எல்இடி 24 என்றால் 3.6தான். பழைய மின் இணைப்பே பல இடங்களில் போதுமாகிவிடும்.

எத்தனை பேரை உள்ளே விடலாம் என்பதைத் தரைப் பரப்பை விடக் கதவுகள்தான் தீர்மானிக்கும். பழைய கதவு உள்நோக்கித் திறக்கும். நெரிசலில் அது மூடிய கதவுக்குச் சமம். அதை அறுத்துத் திருப்ப வேண்டாம். நிகழ்ச்சி நேரத்தில் அதைத் திறந்து கொக்கி மாட்டிவிட்டு, உள்ளே ஒரு சிறு முன்னறை கட்டி, வெளிநோக்கித் திறக்கும் புதுக் கதவு வையுங்கள். சாலைச் சத்தத்தையும் அது தடுக்கும். இரண்டாவது வழி இல்லையென்றால் தீயணைப்புத் துறை ஒப்புக்கொள்ளும் எண்ணிக்கை மிகச் சிறியதாக இருக்கும்.

காற்றோட்டத்துக்கு, 150 பேருக்கு மணிக்கு 5000 கன மீட்டருக்கு மேல் புதுக் காற்று தேவைப்படும். சின்னக் குழாயில் வேகமாகத் தள்ளினால் மெல்லிய வீணை ஒலிக்கு மேல் மின்விசிறி பாடும். பெரிய குழாய், மெதுவான ஓட்டம். மணிக்கூண்டு இருந்தால் சூடான காற்று ஏறிப் போக அதுவே இயற்கைப் புகைபோக்கி. உச்சியில் பறவை வலை அடித்துவிடுங்கள். வௌவால்கள் குடியிருந்தால் முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பல நாடுகளில் அவற்றைக் கலைப்பது குற்றம்.

[காட்சி: குழாய் ஆர்கனின் முகப்பு. பக்கத்தில் கிராண்ட் பியானோவின் ஒரு கால், கல் பலகை மேல்.]

கடைசியாக வாத்தியங்கள். பெரிய கச்சேரிப் பியானோ 480 கிலோவை ஒட்டி எடை. அது மூன்று சக்கரங்களில் இறங்குகிறது, காலுக்கு 160 கிலோ. தரைக்கல்லுக்கு அடியில் வெற்றிடம் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, சுமையைப் பரப்பப் பலகை போடுங்கள். குழாய் ஆர்கன் ஊமையாக இருந்தாலும் அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். பல நேரம் கிழிந்திருப்பது துருத்தியின் தோல் மட்டும்தான். ஆனால் ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் ஆர்கனின் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). 12 டிகிரியில் சுருதி சேர்த்து 20 டிகிரியில் வாசித்தால் 24 சென்ட், அரைச்சுரத்தில் கால் பங்கு. பியானோ அதோடு சேர்ந்து ஏறாது. உள்ளே உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் நாக்குக் குழாய்களும் மற்றக் குழாய்களோடு சேர்ந்து ஏறாது. மொத்தமும் அபசுரம். சூட்டைத் திடீரென்று ஏற்றினால் மரப்பெட்டியும் விரிசல் விடும். முந்தைய நாளிலிருந்தே மெதுவாகச் சூடேற்றுங்கள். சுருதி சேர்த்த நாளின் வெப்பநிலையை ஆர்கன் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஓர் அட்டையில் எழுதி ஒட்டுங்கள். கச்சேரி நேரத்தில் கூடம் அதே டிகிரியில் இருக்க வேண்டும்.