கடைசித் தெருவிலிருந்து தொடங்குவோம்

வணக்கம். வேதாரண்யம் வட்டாரத்தில் இயங்கும் ஒரு சிறிய தன்னார்வ நிவாரணக் குழுவின் சார்பில் பேச வந்திருக்கிறேன். குழுவின் நோக்கத்தையும் கொள்கைகளையும் சொல்லச் சொன்னார்கள். நோக்கத்தைச் சட்டென்று சொல்லிவிடலாம். புயலோ வெள்ளமோ வந்தால், வெளியிலிருந்து உதவி வரும் வரை ஊர் தன்னைத் தானே தாங்கிக்கொள்ள வேண்டும். உதவி வந்த பிறகு, அது சேர வேண்டிய வீட்டுக்குச் சேர வேண்டும். முதல் வேலைக்கு உடல்பலம் போதும். இரண்டாவதுதான் பெரும்பாடு.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் எங்கள் பக்கம்தான் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் தென்னை, மா, முந்திரி எல்லாம் சாய்ந்து கிடந்தன. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. பக்கத்துக் கடலோர ஊரான புஷ்பவனத்தில் கடல் சேற்றைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. அன்று காலை ஊருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது அரிசி அல்ல, மரம் அறுக்கும் ரம்பம். தெருவை மறித்துக் கிடக்கும் மரத்தை அறுத்துப் போட்டால்தானே பிரசவ வலி எடுத்தவரை வெளியே கொண்டுபோக முடியும்?

அடுத்தது தண்ணீர். கரண்ட் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் மேல்நிலைத் தொட்டி காலி. ஜெனரேட்டரை ஊர் ஊராகக் கொண்டுபோய்த் தொட்டியை நிரப்பினார்கள். கல்யாணத்துக்கு மைக் செட் போடுகிறவர்களிடம் இருக்கும் ஜெனரேட்டர், அந்த நாட்களில் ஆம்புலன்ஸ் மாதிரி. அதனால் எங்கள் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் நன்கொடையாளர் பெயர்கள் கிடையாது. யாரிடம் ரம்பம், யாரிடம் ஜெனரேட்டர், யாரிடம் டிராக்டர், அதை ஓட்டத் தெரிந்தவர் யார் என்றுதான் எழுதியிருக்கும். இரண்டாவது பக்கத்தில், தனியாக இருக்கும் முதியவர்கள், கர்ப்பிணிகள், நடக்க முடியாதவர்கள், டயாலிசிஸுக்குப் போகிறவர்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த இரண்டு பக்கங்களையும் திருத்தி எழுதுவோம். இதை வெளியில் யாரும் பெரிதாகப் பாராட்ட மாட்டார்கள், பார்க்கவும் மாட்டார்கள். ஆனால் எங்கள் வேலையில் பாதி இதுதான் என்பேன்.

சரி, இப்போது பெரும்பாட்டுக்கு வருகிறேன். கஜா அடித்த சில நாட்களில் பல ஊர்களிலிருந்தும் நிவாரண லாரிகள் வந்தன. நல்ல மனசோடுதான் வந்தார்கள். ஆனால் லாரி எங்கே நிற்கும்? மெயின் ரோட்டில் நிற்கும். ரோட்டோரத்து ஊருக்கு மூன்று முறை பிரெட்டும் பாயும் கிடைக்கும். உள்ளே போகிற மண்பாதையின் கடைசியில் இருக்கும் குடியிருப்புக்குச் சேதியே போகாது. முதல் இலைக்கு மூன்று தடவை சாம்பார் ஊற்றிவிட்டு, கடைசி இலைக்கு வரும்போது வாளியைக் கவிழ்த்துக் காட்டுகிற பந்தி மாதிரிதான். அந்தக் கடைசி இலையில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் யார் என்பதை நம் ஊரில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரையில் பட்டியலின மக்களும் இருளர்களும் நிவாரணத்தில் ஒதுக்கப்பட்டது அப்போதே பதிவானது. முகாமில்கூடச் சேர்ந்து தங்கவிடாத இடங்கள் இருந்தன. கடல் சாதி பார்த்து அடிக்கவில்லை. பார்த்ததெல்லாம் கரையில் இருந்தவர்கள்.

செஞ்சிலுவை இயக்கமும் பெரிய தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994இல் ஒரு நடத்தை நெறியை வகுத்தன. மொத்தம் பத்து விதிகள். இனம், மதம், நாடு பார்க்காமல் உதவ வேண்டும், யாருக்கு முதலில் என்பதைத் தேவை ஒன்றே தீர்மானிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. எங்கள் ஊர்க் கணக்கில் அதற்கு அர்த்தம், விநியோகத்தைக் கடைசித் தெருவிலிருந்து ஆரம்பிப்பது. பொருள் தீர்ந்துபோனால் மெயின் ரோட்டுக்காரருக்கு இல்லாமல் போகட்டும். அடுத்த லாரி அவர் வாசலில்தான் நிற்கப்போகிறது.

இதற்குப் பட்டியல் வேண்டும். தெருவுக்கு இரண்டு பேர் போவார்கள், ஒருவர் அந்தத் தெருவைச் சேர்ந்த பெண். எழுதி முடித்ததும் பட்டியலை அந்தத் தெருவிலேயே நின்று சத்தமாக வாசிப்போம். விட்டுப்போன பெயரைப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லிவிடுவார். ஒரே அடுப்பை இரண்டு குடும்பமாக எழுதியிருந்தால், கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழும்பும், பேனா தானாக அந்தப் பெயரை அடித்துவிடும். கம்ப்யூட்டர் பட்டியலில் இந்த வசதி கிடையாது.

சொத்தைக் கணக்கெடுத்தால் சொத்து இல்லாதவர் விட்டுப்போவார். கஜாவில் விழுந்த தென்னைக்கு, வெட்டி அகற்றும் செலவையும் சேர்த்து மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அது தோப்புக்காரருக்குப் போனது. தேவைதான், பிள்ளைபோல வளர்த்த மரம். ஆனால் அந்தத் தோப்பில் காய் பறித்தவர், மட்டை உரித்தவர், கீற்று முடைந்தவர், இவர்களுக்கும் அன்றோடு வேலை போயிற்றே. அகஸ்தியம்பள்ளி உப்பளக் கூலிக்காரருக்கும் அதே கதி. ஆகவே, "என்ன விழுந்தது?" என்று கேட்டு நிறுத்துவதில்லை. "நாளைக்கு எந்த வேலைக்குப் போவீர்கள்?" என்றும் கேட்டு எழுதுகிறோம்.

கேட்காமல் கொடுப்பதன் விளைவை நாகப்பட்டினம் 2004இலேயே பார்த்துவிட்டது. நாடு முழுவதிலிருந்தும் வந்த பழைய துணி, சாலையோரத்தில் மலைமலையாகக் குவிந்து மழையில் ஊறியது. அள்ளிப்போட ஆளும் வண்டியும் வேறு செலவழிந்தன. எல்லாவற்றையும் இழந்தவர் எதையும் வாங்கிக்கொள்வார் என்று எப்படி முடிவுக்கு வந்தார்களோ! அதே நேரத்தில் சானிட்டரி நாப்கினும் உள்ளாடையும் கேட்க முடியாமல் பெண்கள் தவித்தார்கள். இளைஞன் ஒருவன் கையில் பேனாவோடு வந்து நின்றால் எந்தப் பெண் வாயைத் திறப்பாள்?

முகாம் விஷயமும் அப்படித்தான். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்று 'ஸ்பியர்' எனும் உலக அளவிலான தரக்குறிப்பு சொல்கிறது. நம் முகாம் என்பது பெரும்பாலும் பள்ளிக்கூடம். அங்கே கழிப்பறைக்கு வெளிச்சம் இல்லையென்றால், பெண்கள் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். அதனால் முகாம் திறந்ததும் நாங்கள் முதலில் எடுத்துப் போவது டார்ச் லைட்டும் தாழ்ப்பாளும். ஆமாம், தாழ்ப்பாள்தான், ஸ்குரு டிரைவரோடு.

போட்டோ பற்றி ஒரு வார்த்தை. ஐந்து கிலோ அரிசிப் பையை ஆறு பேர் பிடித்துக்கொண்டு, வாங்குகிறவரை நடுவில் நிறுத்தி, "அம்மா, கொஞ்சம் இங்கே பாருங்க" என்கிற அந்தப் படம் எங்களிடம் கிடையாது. பாதிக்கப்பட்டவரை விளம்பரத்தில் பரிதாபப் பொருளாகக் காட்டாதே என்பது அந்த நடத்தை நெறியின் பத்தாவது விதி. படம் இல்லாமல் நன்கொடை தரமாட்டோம் என்று சொன்னவர்களும் உண்டு. சரி என்று வணக்கம் சொல்லி அனுப்பிவிட்டோம். கணக்கு வேண்டுமா, தருகிறோம். பணம் கொடுத்தவருக்கு ரசீதும் வரவு செலவும் போகும். அதே தாள், பொருள் வாங்கிய தெருவிலும் ஒட்டப்படும். கொடுத்தவருக்கு மட்டும் கணக்குக் காட்டினால் அது பாதிக் கணக்கு.

வெள்ளத்தில் இறங்கி ஆளைத் தூக்கும் வேலையை நாங்கள் செய்வதில்லை. ஆர்வக்கோளாறில் இறங்கி, மீட்கப்பட வேண்டியவர்களில் ஒருவராக ஆகிவிடக் கூடாது. அதற்குத் தீயணைப்புத் துறையும், அரக்கோணத்திலிருந்து வரும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் இருக்கின்றன. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. நாங்கள் அவர்களுக்கு வழிகாட்டுவோம். எந்த வீட்டில் யார் மாட்டியிருப்பார் என்பது உள்ளூர்க்காரனுக்குத்தான் தெரியும்.

உதவ நினைக்கும் நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் வாரத்தில் எல்லோரும் வருவார்கள். மூன்றாவது வாரத்தில் கேமராவும் போய்விடும், லாரியும் போய்விடும். அப்போதுதான் நனைந்துபோன ரேஷன் கார்டுக்கும் பட்டாவுக்கும் அலைச்சல் ஆரம்பிக்கும், பள்ளிக்கூடம் திறக்கும், நோட்டு இருக்காது, வட்டிக்குக் கடன் கேட்கப் போவார்கள். முடிந்தால் அந்த வாரத்துக்கு உங்கள் பணத்தையும் நேரத்தையும் ஒதுக்கி வையுங்கள். மனு எழுதத் தெரிந்தவர்கள், ஆன்லைனில் விண்ணப்பிக்கத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள், தையல் மெஷின் பழுதுபார்ப்பவர்கள், எல்லோருக்கும் வேலை இருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால், போகிற ஊரில் யாரையாவது போனில் பிடித்து என்ன வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். பழைய சேலை மட்டும் வேண்டாம்.

நன்றி, வணக்கம்.