ராண்டுக்கும் ரூபாய்க்கும் நடுவே டாலர் எதற்கு?

சபையோருக்கு வணக்கம். டர்பனில் கடை வைத்திருப்பவர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். ஈரோட்டுத் துணி, சென்னைப் பூஜைச் சாமான், மசாலா என்று எதையாவது இறக்குமதி செய்கிறவர்கள். ஆகவே பிட்காயின் விலை நாளை ஏறுமா என்ற பேச்சுக்கு நான் போகப்போவதில்லை. அதற்கு இணையத்தில் சோதிடர்கள் ஏராளம். இங்கிருந்து ஈரோட்டுக்குப் போகும் பணத்தின் வழியை டிஜிட்டல் நாணயங்கள் எங்கே மாற்றும், எங்கே மாற்றாது என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

இன்றைய வழியைப் பாருங்கள். பில்லையும் சுங்கத் தாள்களையும் கொடுக்கிறீர்கள். உங்கள் வங்கி, வங்கிகளுக்கிடையே செய்தி கொண்டுபோகும் வலையமைப்பான ஸ்விஃப்டில் ஒரு செய்தி அனுப்புகிறது. அதில் போவது செய்திதான், பணம் அல்ல. பணம் நகர்வது கணக்குகளில்: உங்களிடம் நம் தென்னாப்பிரிக்க ராண்டைக் கழித்துக்கொண்டு, நியூயார்க்கில் உள்ள தன் டாலர் கணக்கிலிருந்து இந்திய வங்கியின் டாலர் கணக்குக்கு மாற்றச் சொல்கிறது. இந்திய வங்கி அதை ரூபாயாக்கி ஏற்றுமதியாளர் கணக்கில் சேர்க்கிறது. நாணயம் இரண்டு தரம் மாறுகிறது, இரண்டு தரமும் உங்கள் காசு கொஞ்சம் தேய்கிறது. சென்னை நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால், நியூயார்க் ஆறேழு மணி நேரம் பின்னால். ஆகவே ஓர் ஊர் வங்கி திறக்க இன்னோர் ஊர் வங்கி காத்திருக்கும். வழியிலுள்ள ஒவ்வொரு வங்கியும் பணம் அனுப்பத் தடை விதிக்கப்பட்டவர்களின் பட்டியலோடு பெயரை ஒத்துப்பார்க்கும். தகப்பனார் பெயர் பில்லில் முழுதாகவும் வங்கிக் கணக்கில் தலைப்பெழுத்தாகவும் இருந்தால் போதும், நம்மவர் பணம் நடுவழியில் நின்றுவிடும்.

ராண்டை நேரே ரூபாயாக்கினால் என்ன? இதற்குள் ஒரு பழைய ஆபத்து இருக்கிறது. 1974 ஜூன் 26 அன்று ஜெர்மனியின் ஹெர்ஸ்டாட் வங்கியை அதிகாரிகள் மூடினார்கள். அன்று டாலருக்கு மாற்றாக அதற்கு ஜெர்மன் மார்க் செலுத்தியிருந்த வங்கிகளுக்கு நியூயார்க்கில் டாலர் வரவேண்டியிருந்தது, வரவில்லை. இந்த ஆபத்தைத் தவிர்க்க 2002இல் சிஎல்எஸ் வங்கி வந்தது. இரு நாணயங்களையும் ஒரே நேரத்தில் கைமாற்றும், ஒன்று வராவிட்டால் மற்றது போகாது. அதன் பட்டியலில் ராண்டு உண்டு, இந்திய ரூபாய் இல்லை.

மைய வங்கிகள் வெளியிடும் டிஜிட்டல் நாணயம் பயன்படக்கூடிய இடம் இதுதான். வங்கிகள் பகிர்ந்துகொள்ளும் ஒரே கணக்குப் பேரேட்டில் இரு நாட்டு மைய வங்கிப் பணமும் இருந்தால் "இது போனால்தான் அது வரும்" என்ற நிபந்தனையை அங்கேயே எழுதிவிடலாம். நம் தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கி 2018இல் கோக்கா திட்டத்தில் இதன் உள்நாட்டுப் பாதியைச் சோதித்தது. நாட்டின் ஒரு நாள் வங்கிப் பரிமாற்ற அளவு இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது. பிறகு ஆஸ்திரேலியா, மலேசியா, சிங்கப்பூர் மைய வங்கிகளோடு டன்பார் திட்டத்தில் எல்லை தாண்டியும் பார்த்தது. தொழில்நுட்பம் ஒத்துழைத்தது. சிக்கல் வேறு: என் நாட்டு மைய வங்கிப் பணத்தை அயல்நாட்டு வங்கி வைத்துக்கொள்ள விடலாமா? ஒரு வங்கி திவாலானால் எந்த நாட்டுச் சட்டம் செல்லும்? இவற்றுக்கு நிரல் எழுதி விடை காண முடியாது.

அதைவிடப் பெரியது வணிகச் சமனின்மை. ரஷ்யா எண்ணெய் விற்று ரூபாய் வாங்கியதை நினைத்துப்பாருங்கள். இந்தியாவிடம் அந்த அளவுக்கு அது வாங்கவில்லை. 2023இல் கோடிக்கணக்கான ரூபாய் இந்திய வங்கிகளில் செலவழிக்க வழியின்றிக் கிடப்பதாக அந்நாட்டு வெளியுறவு அமைச்சரே சொன்னார். அது டிஜிட்டல் ரூபாயாக இருந்திருந்தாலும் அப்படியே கிடந்திருக்கும். டாலரை விலக்கிவிடலாம் என்று மேடையில் முழங்குபவர்கள் இந்தக் கேள்விக்கு அருகே வருவதில்லை.

மைய வங்கிகள் யோசித்துக்கொண்டிருக்க, தனியார் முந்திக்கொண்டார்கள். யுஎஸ்டிடி, யுஎஸ்டிசி போன்ற ஸ்டேபிள்காயின்கள் ஒன்றுக்கு ஒரு டாலர் மதிப்பில் நிற்பவை. ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவிலும் சில நிமிடங்களில் போய்ச் சேரும். ஆனால் மிச்சமாவது நடுவழியில் மட்டுமே. இங்கே ராண்டு கொடுத்து வாங்கும் விலை வித்தியாசமும் அங்கே விற்று ரூபாயாக்கும் வித்தியாசமும் அப்படியே நிற்கும். இந்தியாவில் 2022 முதல் இவ்வகை நாணயங்களின் லாபத்துக்கு 30 சதவீத வரி, விற்கும்போது 1 சதவீத வரிப் பிடித்தம் வேறு. ஏற்றுமதியாளருக்கு வங்கி வழி வரவுக்கான சான்றிதழ் கிடைக்காது. அது இல்லாமல் அவர் ஏற்றுமதிக் கணக்கை முடிக்க முடியாது. உங்கள் பக்கமும் சுங்கத்தில் சரக்கு பதிவாகியிருக்கும், அதற்கான வெளிநாட்டுச் செலுத்துகை எங்கும் பதிவாகியிருக்காது. 2025 மே மாதம் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் கிரிப்டோ, நாட்டை விட்டுப் பணம் போவதைக் கட்டுப்படுத்தும் நம் செலாவணிக் கட்டுப்பாட்டு விதிகளுக்குள் வராது என்றது உண்மைதான், ரிசர்வ் வங்கி மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது. அந்தத் தீர்ப்பை நம்பிச் சரக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

"ஒரு டாலர்" என்ற வாக்குறுதியும் ஆடும். 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி வீழ்ந்தபோது யுஎஸ்டிசிக்கு ஈடாக வைத்திருந்த இருப்பில் 330 கோடி டாலர் அங்கே மாட்டிக்கொண்டது. ஓரிரு நாள் அது 88 சென்ட்டுக்கும் கீழே போனது. அமெரிக்க அரசு வைப்புதாரர்களுக்கு உத்தரவாதம் தந்த பிறகே நிமிர்ந்தது.

உலகப் பொருளாதாரத்துக்கு இதன் விளைவு பலர் எதிர்பார்த்ததற்கு நேர் எதிர். இந்த நாணயங்களின் இருப்பில் பெரும்பகுதி அமெரிக்க அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்கள். 2025 ஜூலையில் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம், ரொக்கம், வங்கி வைப்பு, இத்தகைய பத்திரங்கள் போன்றவற்றையே இருப்பாக வைக்க வேண்டும் என்றது. நைஜீரியாவின் லாகோஸிலோ ஜிம்பாப்வேயின் ஹராரேயிலோ ஒருவர் தன் சேமிப்பை யுஎஸ்டிடியாக மாற்றும்போது, கைபேசி வழியாக வாஷிங்டனுக்குக் கடன் கொடுக்கிறார். அந்த அளவுக்கு உள்ளூர் வங்கியின் வைப்புத் தொகை குறைகிறது, உள்ளூர் மைய வங்கி வட்டி விகிதத்தை ஏற்றி இறக்கினாலும் அந்தப் பணத்தை எட்டாது. நைஜீரிய மைய வங்கி 2021இலேயே தன் நாணயமான நைராவின் டிஜிட்டல் வடிவமான ஈநைராவை வெளியிட்டும் மக்கள் அதைச் சீண்டவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது வேகமான நைரா அல்ல, மதிப்புக் குறையாத ஒன்று.