திங்கட்கிழமை நெஞ்சு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பேரூராட்சித் தலைவர் அவர்களே, மாரியம்மன் கோயில் திருப்பணிக் குழுப் பெரியவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மில் மேலாளர்களே, மைதானம் தந்த தலைமையாசிரியர் அம்மா அவர்களே, இரவு ஷிப்ட் முடித்துத் தூக்கத்தைத் தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க. மைக்செட்காரத் தம்பிக்கும் பந்தல் போட்டவர்களுக்கும் நன்றி.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. நுரையீரல் நோய்க்கும் மணியோசை உண்டு. ஆஸ்துமா, காசநோய், பஞ்சுத் தூசி நோய் என்று மூன்றையும் பேச வந்திருக்கிறேன்.

முதலில் உறுப்பைப் பார்த்துவிடுவோம். தொண்டைக்குக் கீழே மூச்சுக்குழாய், 10 முதல் 12 செ.மீ. நீளம். லாட வடிவில் 15 முதல் 20 குருத்தெலும்புகள் அதைச் சுருங்கவிடாமல் பிடித்திருக்கின்றன. கீழே இரண்டாகப் பிரிகிறது. வலக்கிளை அகலமாகவும் நேராகவும் இறங்குவதால், குழந்தைக்குப் புரையேறிய நிலக்கடலை பெரும்பாலும் அந்தப் பக்கமே போய் அடைக்கும். கிளைகள் பிரிந்து பிரிந்து 30 கோடிக்கு மேற்பட்ட காற்றுப் பைகளில் முடிகின்றன. வழியெல்லாம் சளிப் படலமும், அதை மேலே தள்ளுகிற நுண்மயிர்களும் இருக்கின்றன. பெருந்தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். 10 மைக்ரானுக்குக் குறைந்த பொடிதான் உள்ளே இறங்கும். பீடிப் புகை அந்த நுண்மயிர்களை முடக்கிவிடும்.

இப்போது நம்மூர் விஷயத்துக்கு வருகிறேன். 1888இல் கோவையில் முதல் நூற்பாலை வந்தது முதல் பஞ்சுதான் நமக்குச் சோறு. பஞ்சுப் பொதியைப் பிரித்துக் குப்பை நீக்குகிற புளோ ரூமில் வேலை செய்கிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு லீவு. எண்ணெய் தேய்த்துக் குளித்து, கறிச்சோறு தின்று, மத்தியானம் நன்றாகத் தூங்கி எழுகிறார். திங்கள் காலை ஷிப்டுக்குப் போகிறார். பேல் என்கிற அந்தப் பொதியைப் பிரித்து இரண்டு மூன்று மணி நேரத்தில் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி இருக்கிறது, இருமல், மூச்சிழுப்பு. வீட்டுக்கு வந்தால் மனைவி, "எண்ணெய்க் குளியல் உங்களுக்கு ஆவறதில்லீங்க, சொன்னாக் கேட்டாத்தானே" என்கிறார். மாமியார், "கறியில சீதளம் கண்ணு" என்று மிளகு ரசம் வைக்கிறார். செவ்வாய் லேசாகிறது, புதன் சரியாகிறது. ரசம் கேட்டது என்று வீடே சந்தோஷப்படுகிறது. அடுத்த வாரம் எண்ணெயை நிறுத்துகிறார், திங்கள் இறுகுகிறது. கறியை நிறுத்துகிறார்; திங்கள் மறுபடியும் இறுகுகிறது. பாவம், எண்ணெய்க்கும் கறிக்கும் என்ன சம்பந்தம்? ஒருநாள் தூசியில்லாமல் இருந்த குழாய், மறுநாள் தூசி பட்டதும் சுருங்குகிறது. அதுதான் பஞ்சுத் தூசி நோயின் மணியோசை.

வெள்ளைப் பஞ்சு குற்றவாளி இல்லை. காயோடு ஒட்டி வந்த காய்ந்த செதில் இலைத் துணுக்குகளும், அதில் வளர்கிற பாக்டீரியாவின் நச்சுமே குழாயை உறுத்துகின்றன. அதனால்தான் புளோ ரூம் ஆட்களுக்கும், பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவுகிற கார்டிங் ஆட்களுக்கும் பாதிப்பு அதிகம். வருடங்கள் போனால் செவ்வாயும் புதனும் சேர்ந்துகொள்ளும். பிறகு அடைப்பு நிரந்தரமாகும். எக்ஸ்ரேயில் இதற்கென்று தனி அடையாளம் கிடையாது. "படம் நல்லா இருக்கு" என்ற சொல்லை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். பெருந்துறை சானடோரியம் காலத்திலிருந்தே இருமல் என்றால் நமக்குக் காசநோய் ஞாபகம்தான். சளிப் பரிசோதனை கட்டாயம் செய்யுங்கள். ஆனால் அதில் ஒன்றுமில்லை என்றால் தூசியைக் கேளுங்கள்.

மேலாளர் ஐயாமார்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். திங்கள் ஷிப்ட் ஏறும்முன் ஸ்பைரோமெட்ரி என்கிற மூச்சளவுச் சோதனை ஒன்று, இறங்கும்போது ஒன்று. நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கைக் கிளிப்பால் அடைத்து, முழு மூச்சை இழுத்து, குழலை உதட்டால் இறுக்கிப் பிடித்து ஒரே ஊதாக ஆறு வினாடி ஊதவேண்டும். அப்படி மூன்று முறை. உதட்டோரம் காற்றுக் கசிந்தாலும், நடுவில் இருமினாலும் அது கணக்கில் வராது. முதல் வினாடியில் வெளியேறும் காற்றுத்தான் முக்கியம். அமெரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பஞ்சுத் தூசி விதி, வாரத்தின் முதல் வேலை நாளில் அது 5 சதவீதமோ 200 மி.லி.யோ குறைந்தாலே ஆறு மாதத்துக்கொரு முறை சோதிக்கச் சொல்கிறது. நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும் இந்நோயை அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோயாக வைத்தது. மணியோசை காதில் விழுந்த பிறகும் யானை வரட்டும் என்று நிற்கலாமா?

இன்னொன்று, மெஷினை ஏர் அடித்துச் சுத்தம் செய்வதை நிறுத்துங்கள். தரையில் கிடந்த தூசி மறுபடி மூக்குக்கு வருகிறது. உறிஞ்சி எடுக்கிற வேக்யூம் வையுங்கள். முகத்தில் கட்டும் துண்டு பெருந்தூசியைத்தான் தடுக்கும்; பொடித்தூசிக்கு முகத்தோடு பொருந்துகிற என்95 முகக்கவசம் வேண்டும், தாடி இருந்தால் அதுவும் ஒட்டாது. ஆஸ்துமாவைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணி பார்க்கிறார். சோதனைக்குப் பெயர் கொடுக்க விரும்பும் தோழர்கள் பந்தல் ஓரத்து மேசைக்கு வாருங்கள். எந்தப் பிரிவு, எத்தனை வருட வேலை, பீடி உண்டா என்று மூன்று கேள்விதான்.