நகர வாசலுக்குப் புறம்பே

(திருமண்டல ஞாயிறு பள்ளி ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மகா கனம் பேராயர் அவர்களே, வரவேற்புரை ஆற்றிய திருமண்டலச் செயலாளர் அவர்களே, எங்கள் அழைப்பை அன்போடு ஏற்றுப் பக்கத்துப் பங்கிலிருந்து வந்திருக்கும் அருட்தந்தை அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த பள்ளித் தாளாளர் அவர்களே, காலையிலிருந்து சமையற்கட்டில் நின்று நமக்கெல்லாம் உணவு பரிமாறிய பெண்கள் ஐக்கிய சங்கத் தாய்மார்களே, சேகர குருவானவர்களே, உபதேசியார்களே, ஞாயிறுதோறும் பிள்ளைகளைக் கூட்டி வைத்து வேதம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்களே, உங்கள் அனைவருக்கும் என் ஸ்தோத்திரம்.

பேராயர் அவர்கள் என்னை ஒரு பூகோள ஆசிரியன் என்று அறிமுகப்படுத்தினார்கள். அந்தப் பெயர் எனக்குப் போதும். பேராயர் அவர்களும் ஒரு காலத்தில் ஞாயிறு பள்ளி ஆசிரியராக இருந்தவர்கள். கரும்பலகையில் பவுலின் பிரயாணங்களை வரைந்து காட்டிப் பாடம் நடத்தியவர்கள் என்று அவர்களிடம் படித்தவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் இதைப் பேசக் கிடைத்ததை நான் பெரிய பாக்கியமாக எண்ணுகிறேன்.

மூன்று இடங்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, ஆண்டவர் சிலுவையில் அறையப்பட்ட கொல்கொதா. இரண்டு, உயிர்த்தெழுந்த அன்று சாயங்காலம் அவர் நடந்து போன எம்மாவு. மூன்று, யோர்தானில் அவர் ஞானஸ்நானம் பெற்ற இடம். மூன்றிலும் இடம் எது என்று இன்றைக்கும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. வழக்கு என்று வந்துவிட்டால் நம் முன்னோர் சொல்லி வைத்த ஒரு வார்த்தை உண்டு. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். என் வகுப்பறையில் வருடந்தோறும் முதல் நாள் கரும்பலகையில் எழுதிப் போட்ட வாக்கியம் அது. இன்றைக்கும் அதைப் பிடித்துக்கொண்டுதான் பேசப் போகிறேன்.

முதலில் கொல்கொதா. அந்தப் பெயருக்கு மண்டையோட்டின் இடம் என்று அர்த்தம். அதன் அருகே ஒரு தோட்டமும், தோட்டத்தில் கல்லறையும் இருந்தன என்று யோவான் எழுதுகிறார். எருசலேமுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு கல்லறைகளைக் காட்டுகிறார்கள். பழைய நகரத்துக்குள்ளே, கடைத்தெருக்களின் நெரிசலுக்கு நடுவில், பரிசுத்த கல்லறை ஆலயம் இருக்கிறது. கிரேக்க ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கர், அர்மேனியர், காப்டிக், சிரியன், எத்தியோப்பியர் என்று ஆறு சபையார் அதைப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கதவின் சாவியும் கதவைத் திறக்கும் பொறுப்பும் தலைமுறை தலைமுறையாக இரண்டு முஸ்லிம் குடும்பங்களிடம் இருக்கின்றன. மற்றொன்று தமஸ்கு வாசலுக்கு வடக்கே, மதிலுக்கு வெளியே இருக்கும் தோட்டக் கல்லறை. மரமும் செடியும் பூவுமாக அமைதியான இடம். பக்கத்தில் ஒரு பாறைச் சரிவு. அதில் இரண்டு குழிகள், மண்டையோட்டின் கண்களைப் போல.

நான் போயிருந்த குழுவில் சம்பந்தி வீட்டார் இரண்டு குடும்பமாக வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் நம் சபை. பெண் வீட்டார் கத்தோலிக்கர். காலையில் பரிசுத்த கல்லறை ஆலயத்துக்குப் போனோம். வாசலைத் தாண்டியதும் ஆண்டவருடைய சரீரத்துக்குச் சுகந்தவர்க்கம் பூசிய இடம் என்று ஒரு கல் கிடக்கிறது. இப்போது இருக்கும் பலகை 1808இல் நடந்த தீ விபத்துக்குப் பிறகு 1810இல் பதித்தது. பெண்ணின் தாயார் அதன் அருகில் முழங்காலிட்டு, முந்தானையால் அந்தக் கல்லைத் துடைத்துத் துடைத்து முகத்தில் ஒற்றிக்கொண்டார். கல்லில் ஊற்றியிருந்த வாசனை எண்ணெய் சேலையில் திட்டுத் திட்டாகப் படிந்துவிட்டது. மாப்பிள்ளையின் தகப்பனார் தூணோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பஸ்ஸில் ஏறியதும் அவர் சொன்னார்: "சம்பந்தியம்மா, தப்பாக நினைக்காதீர்கள். வேதத்தில் நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார் என்று இருக்கிறது. இது ஊருக்கு நடுவில் அல்லவா இருக்கிறது? தோட்டம் எங்கே?"

பிற்பகலில் தோட்டக் கல்லறை. இப்போது மாப்பிள்ளையின் தகப்பனார் முறை. மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, நாங்கள் பாமாலை பாடியபோது கண்ணீர் விட்டார். அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. இராத்திரி விடுதியில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் வாயைத் திறந்தார். "சம்பந்தி, ஆயிரத்து எழுநூறு வருஷமாக அத்தனை பேர் உயிரைக் கொடுத்துக் காத்த இடம் பொய்யாகி, நேற்றைக்குக் கண்டுபிடித்த பூங்கா மெய்யாகிவிட்டதா?" மேசையில் ஒருவரும் பேசவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இலையில் கை வைத்த பிறகு எழுந்து போக முடியாது என்பார்கள் நம் ஊரில். அங்கே தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார் மாப்பிள்ளையின் தகப்பனார்.

அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். ஒரு காகிதக் கைத்துடைப்பானை விரித்து, பேனாவால் மூன்று கோடுகள் போட்டேன். முதல் கோடு, ஆண்டவர் காலத்தில் நகரத்துக்கு வடக்கே இருந்த மதில். அடுத்த கோடு, ஏரோது அகிரிப்பா கட்டத் தொடங்கியது. அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தில் புழுப்புழுத்து இறந்தானே, அதே ஏரோதுதான். அவன் எருசலேமில் ஆண்டது கி.பி. 41 முதல் 44 வரை, அதாவது சிலுவைக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள். அந்த மதில் எழும்பியதும், அதுவரை நகரத்துக்கு வெளியே கிடந்த நிலம் உள்ளே வந்துவிட்டது. மூன்றாவது கோடு, இன்று நாம் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளும் மதில். அதைத் துருக்கிச் சுல்தான் சுலைமான் 1537க்கும் 1541க்கும் இடையில் கட்டினார். ஆலயத்தை அந்த மதிலுக்குள் பார்த்துவிட்டு, ஆண்டவர் காலத்திலும் உள்ளேதான் இருந்தது என்று முடிவு கட்டினால் எப்படி? கண்ணால் காண்பதும் பொய் என்றது இதைத்தான்.

அந்த அம்மாள் காகிதத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார். "இதை ஏன் எங்கள் ஊரிலேயே எங்களுக்கு யாரும் காட்டவில்லை?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு உங்கள் முன் நிற்கிறேன்.

சம்பந்தி கேட்ட கேள்வி பெரிய படிப்பாளிகள் கேட்ட கேள்விதான். 1838இல் அமெரிக்கரான எட்வர்ட் ராபின்சன், அரபு மொழி நன்கறிந்த மிஷனரி எலை ஸ்மித்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, திசைகாட்டியும் அளவு நாடாவுமாக அந்த நாட்டைச் சுற்றினார். வேதாகமப் பூகோளம் என்ற படிப்புக்கு அவரைத் தந்தை என்கிறார்கள். பரிசுத்த கல்லறை ஆலயம் பழைய மதிலுக்கு உள்ளேதான் இருந்திருக்கும் என்று அவரும் முடிவு கட்டினார். 1842இல் ஜெர்மானியர் ஓட்டோ தேனியுஸ் தமஸ்கு வாசலுக்கு வடக்கே உள்ள பாறையைக் கொல்கொதா என்று சுட்டிக் காட்டினார். 1883இல் ஆங்கிலத் தளபதி சார்ல்ஸ் கார்டன் வந்து அதே பாறையைப் பார்த்தார். ஆழ்ந்த பக்தியுள்ள மனிதர். பலியைப் பலிபீடத்துக்கு வடபுறத்தில் கொல்ல வேண்டும் என்று லேவியராகமம் சொல்கிறது, ஆகவே ஆண்டவரும் வடக்கேதான் பலியானார் என்றார். நில அளவை வரைபடத்தின் சமஉயரக் கோட்டிலும் மண்டையோட்டு வடிவத்தைக் கண்டார். 1885இல் கார்ட்டூமில் அவர் கொல்லப்பட்டு வீரராகப் புகழ் பெற்ற பிறகு, அவர் சொன்ன இடமும் புகழ் பெற்றது. 1894இல் இங்கிலாந்தில் பணம் திரட்டி அந்தத் தோட்டத்தை விலைக்கு வாங்கினார்கள்.

தோண்டிப் பார்த்தபோது காரியம் வேறு விதமாக இருந்தது. 1960களில் கேத்லீன் கென்யன் அம்மையார் பரிசுத்த கல்லறை ஆலயத்துக்குத் தெற்கே முரிஸ்தான் பகுதியில் தோண்டினார். கீழே பழைய கல்வெட்டாங்குழி கிடைத்தது. ஆண்டவர் காலத்தில் அங்கே குடியிருப்பு இல்லை, நகரம் அந்தப் பக்கம் வந்து சேரவே இல்லை என்று தெரிந்தது. அருகிலுள்ள லுத்தரன் ஆலயத்தின் அடியில் இருந்த ஒரு சுவரைப் பழைய மதில் என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் தோண்டியபோது அதுவும் பிற்காலத்துச் சுவர் என்று தெரிந்தது.

இன்னொரு சான்றை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். பரிசுத்த கல்லறை ஆலயத்துக்குள், கல்லறை மண்டபத்துக்குப் பின்னால் சிரியன் சபையாரின் சிறு சிற்றாலயம் இருக்கிறது. கரி படிந்த சுவர்கள், விளக்கு இல்லை. மூலையில் ஒரு தாழ்ந்த திறப்பு. கைபேசி வெளிச்சத்தோடு குனிந்து உள்ளே போனால், பாறையில் ஆள் நீளத்துக்குக் குடைந்த குறுகலான பொந்துகள். முதலாம் நூற்றாண்டு யூதர்கள் பிரேதத்தை வைத்த முறை அதுதான். யூதர்கள் நகரத்துக்குள் பிரேதத்தை அடக்கம் செய்வதில்லை. அந்தப் பொந்துகள் இருக்கிற நிலம் அன்றைக்கு நகர வாசலுக்குப் புறம்பேதான் இருந்தது. குழுக்களில் பலர் அங்கே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வரிசை முன்புறம் நிற்கிறது.

தோட்டக் கல்லறையையோ, தொல்லியல் அறிஞர் காபிரியேல் பார்க்காய் ஆராய்ந்து கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்று காட்டினார். ஒருவனும் வைக்கப்பட்டிராத புதிய கல்லறை என்று யோவான் எழுதியதற்கு அது பொருந்தாது. அதைப் பராமரிக்கும் சங்கத்தாரும் இடத்தை வற்புறுத்துவதில்லை, உயிர்த்தெழுந்தவரை நினையுங்கள் என்கிறார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். அங்கே ஜெபிக்கவும் செய்தேன்.

ரோமப் பேரரசர் கான்ஸ்தந்தீனின் ஆட்கள் 326 வாக்கில், அவருக்கு முன் ஆண்ட பேரரசர் ஹேட்ரியன் கட்டிய ரோமக் கோவிலை இடித்துத்தான் அந்த இடத்தை வெளியே கொண்டு வந்தார்கள். ஆலயம் 335இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. வேதத்தை மட்டும் வைத்து இடம் தேடியிருந்தால், அன்றைய நகரத்துக்கு வெளியே வெறும் நிலம் ஏராளமாகக் கிடந்தது. நகரத்துக்கு நடுவில், கோவில் நின்ற இடத்தில் போய் இடித்தார்கள் என்றால், அங்கிருந்த சபையாரின் நினைவு அவ்வளவு உறுதியாக இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 2016இல் கல்லறையின் மேலிருந்த பளிங்குப் பலகையைத் திறந்தார்கள். ஏதென்ஸ் தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியை அந்தோனியா மொரொபுலு தலைமையில் வேலை நடந்தது. அடியில் கிடைத்த சாந்தைச் சோதித்தபோது அது ஏறக்குறைய 345ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று தெரிந்தது. பாரசீகர் 614இல் கொளுத்தி, கலீபா அல்-ஹாக்கிம் 1009இல் இடித்த பிறகும் பழைய அடித்தளம் அங்கேயே கிடந்திருக்கிறது. இதுதான் அந்தக் கல்லறை என்பதற்கு இது முடிந்த சாட்சி ஆகாது. கான்ஸ்தந்தீன் காலத்தார் காட்டிய இடம் மாறவில்லை என்பதற்குச் சாட்சி.

இடம் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன, விசுவாசம் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது பழைய கேள்வி. 4ஆம் நூற்றாண்டிலேயே எருசலேம் பேராயர் சிரில், மற்றவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள், நாமோ பார்க்கிறோம், தொடுகிறோம் என்று அந்த ஆலயத்திலேயே பிரசங்கித்தார். அதே நூற்றாண்டில் நீசா நகரப் பேராயர் கிரெகோரி எருசலேமுக்குப் போய் வந்து, அங்கே போனதால் என் விசுவாசம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று எழுதினார். இடம் மாறுவதால் மனிதன் தேவனுக்கு அருகில் வந்துவிடுவதில்லை என்றார். வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் பெத்லெகேமிலேயே குடியிருந்தவர். அவரும் எருசலேமிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் பரலோக வாசல் ஒன்றுபோலவே திறந்திருக்கிறது என்று நண்பருக்கு எழுதினார். சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் சொன்னதும் இதுவே. நான் கிரெகோரி பக்கம்தான். ஆனால் நம் விசுவாசப் பிரமாணத்தில் பொந்தியு பிலாத்து என்ற பெயரை ஞாயிறுதோறும் சொல்கிறோம். ஒரு தேசத்தில், ஓர் அதிபதியின் ஆட்சியில் நடந்தது என்று அறிக்கையிடுகிறோம். நடந்தது என்று சொல்பவன் எங்கே என்று விசாரிக்க அஞ்சக் கூடாது. தீர விசாரிப்பதே மெய். விசாரணையால் ஆட்டம் காணும் விசுவாசத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

தலைவர் மணியைப் பார்க்கிறார்கள். எம்மாவுக்கு ஒரு வார்த்தை. நம் தமிழ் வேதாகமம் எருசலேமுக்கு ஏழு அல்லது எட்டு மைல் என்கிறது. கிரேக்க மூலத்தில் அறுபது ஸ்தாதி, அது அந்தக் காலத்துத் தூர அளவு. சில பழைய பிரதிகளில் நூற்று அறுபது என்று இருக்கிறது. அது முப்பது கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட வரும். ஆகவே அம்வாஸ், அபு கோஷ், எல்-குபைபே, மோத்சா என்று நான்கு ஊர்கள் எம்மாவு என்று சொல்லப்படுகின்றன. மோத்சா என்றால் தூரம் ஏழு மைலும் வராது. எந்த ஊர் என்பதை அளந்து பார்க்கும் வேலையை உங்கள் பிள்ளைகளுக்கே கொடுங்கள். யோர்தானைப் பற்றி வேறொரு நாள் பேராயர் அவர்கள் அனுமதித்தால் பேசுகிறேன்.

இப்போது என் விண்ணப்பம். எருசலேம் பயணத்துக்கு நம் மாநில அரசு மானியம் கொடுக்கிறது. சபையாரும் சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்துப் போகிறார்கள். பயண முகவர் தரும் அட்டவணைதான் அவர்களுக்கு வேதாகமப் பூகோளம். ஞாயிறு பள்ளியில் பத்து வருஷம் படித்த பிள்ளைக்குக் கலிலேயா வடக்கே இருக்கிறதா தெற்கே இருக்கிறதா என்று தெரியவில்லை. வேதாகமத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் வரைபடம் உள்ளங்கை அளவு, அதைத் திருப்பிப் பார்ப்பவர் இல்லை.

கிறிஸ்துமஸுக்கும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கும் வாசலில் வரவேற்பு ஃபிளெக்ஸ் வைக்கிறோம். பத்து நாளில் கிழிந்துவிடுகிறது. அதே கடையில், அதே செலவில், எட்டடி அகலத்தில் எருசலேமின் வரைபடத்தை அச்சடிக்கலாம். மூன்று மதிலும் மூன்று நிறத்தில், மேடு பள்ளம் தெரியும்படி, தமிழில். ஒவ்வொரு ஞாயிறு பள்ளி அறையிலும் அதை மாட்ட வேண்டும். இதற்கு மேல் எனக்கு ஆசை இல்லை. திருமண்டலம் ஒரு தீர்மானம் போட்டால் வருகிற கல்வியாண்டுக்குள் முடியும். பேராயர் அவர்கள் இந்த மேடையிலேயே அதைப் பரிசீலிப்பதாகச் சொன்னால் எல்லாரும் மகிழ்வோம். அருட்தந்தை அவர்களின் பங்குக்கும் ஒரு பிரதி கொடுக்க நாங்கள் ஆயத்தம்.

வரைபடத்தின் மாதிரி வாசலில் மேசைமேல் இருக்கிறது. பக்கத்தில் ஒரு நோட்டு. உங்கள் சேகரத்தின் பெயரையும், ஞாயிறு பள்ளி அறைச் சுவரின் அகல உயரத்தையும் எழுதிவிட்டுப் போங்கள். சுவரில் ஜன்னல் இருந்தால் அதையும் குறித்து வையுங்கள்.